முதல் வரிக்கு முன்னால்

அந்த ஷட்டரைக் கொஞ்சம் இறக்கி விடுங்க தம்பி, சாரல் அடிக்குது. ஆங், போதும். இந்தப் பையை உங்க மடியில வெச்சுக்கறீங்களா? முட்டி மடங்க மாட்டேங்குது, காலை நீட்டணும். சரி. இந்த டிக்கெட்டையும் ஒரு தடவை பாத்துச் சொல்லிடுங்க, திண்டுக்கல்னுதான போட்டிருக்கு? கண்ணாடியை வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன். எப்பவும் சட்டைப் பையில இருக்கும். எப்படி வந்து இருக்கும்னு கேட்டா சொல்லத் தெரியாது. இருக்கும். இன்னிக்கு இல்ல.

திண்டுக்கல்தானா? நல்லது.

ராத்திரி அங்க ஒரு லாட்ஜ்ல தங்கிட்டு, விடியறதுக்கு முன்னாடி ஒரு பெண்கள் ஹாஸ்டல் வாசல்ல போய் நிக்கணும். அப்படிப் பாக்காதீங்க. என் சம்சாரம் அங்க வார்டனா இருக்கா. போன மாசம் போனவ. நாளைக்கு அவகிட்டப் பேசி வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். திங்கக்கிழமை அவ நிரந்தரமா அங்கயே இருக்கறதா எழுதிக் குடுக்கப் போறாளாம். எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சது. அதனால நாளைக்கு ஒரு நாள்தான்.

ஏன் போனான்னா கேக்கறீங்க? கேளுங்க, தப்பில்ல. நானும் அதைத்தான் தினமும் என்னையே கேட்டுக்கிட்டிருக்கேன். எங்க தப்பு பண்ணேன், எந்த இடத்துல தப்பு பண்ணேன்னு ஒவ்வொரு நாளாப் பின்னாடி போய்ப் பாக்கறேன். எனக்கு அது பழக்கம். என் வேலையே அதுதான். ஒண்ணும் பிடிபடல. அவ கிளம்பின சமயம் ஆபீஸ்ல எனக்கு ஒரு பெரிய சிக்கல். ரெண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனா முதல்ல அதைச் சொன்னாத்தான் இது புரியும். வழி நீளம்தான, கேக்கறீங்களா?

மில்லுக்குள்ள போயிருக்கீங்களா, நூல் மில்லு? நூல் சுத்தற மெஷின் பக்கத்துல சாம்பல் கலர்ல ஒரு பெட்டி இருக்கும். நூல் அறுந்தா மெஷினை நிறுத்தறது அந்தப் பெட்டிதான். அதுக்குள்ள ஓடற கெர்னல் நான் எழுதினது. கெர்னல்னா பெட்டியோட உசிருன்னு வெச்சுக்கங்க. கரண்ட் வந்ததும் முதல்ல எந்திரிக்கறது அதுதான். எந்திரிச்சு மத்ததுக்கெல்லாம் வேலையைப் பிரிச்சுக் குடுக்கும். அதுக்கு மேல கேள்வி கேக்க ஆள் கிடையாது.

இருபது வருஷத்துக்கு முன்னாடி பீளமேட்டுல ஒரு மாடி ரூம்ல உக்காந்து எழுதினேன். வேற யாரும் தொட்டதில்ல. முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் எது எப்ப ஓடும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். முதல் வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும் தம்பி. அதுக்கு முன்னாடி ஒண்ணும் கிடையாது. இருட்டு. அப்புறம் அந்த வரி, அதோட எல்லாம் ஆரம்பம். முதல் வரி சரியா இருந்தா மத்தது தானா ஓடும். இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கேன்.

தண்ணி வெச்சிருக்கீங்களா? குடுங்க. ஆங்.

எங்க விட்டேன்? ஆங், அந்த ஆபீஸ் சிக்கல். பெனிட்டான்னு ஒரு பொண்ணு, தூத்துக்குடிப் பக்கம், வேலைக்குச் சேந்து மூணு வருஷம் இருக்கும். கெட்டிக்காரி, இல்லைங்கல. வாய்தான் கொஞ்சம் நீளம். அவ புது மாதிரி எழுதுவா. நூல் அறுந்தா எவ்வளவு நேரத்துல நிறுத்தணும், எவ்வளவு வேகம் தாங்கும், இதையெல்லாம் தனித்தனிச் சாமானா செஞ்சு வெச்சுடுவா. ஆப்ஜெக்ட்னு பேரு. அந்தச் சாமான் வேலைக்கு ஆகணும்னா அதுல முதல்ல சரியான எண்களை நிரப்பி வெக்கணும். அந்த நிரப்பற வேலையை அவ எழுத மாட்டா. கம்பைலரே எழுதிக்கும். நாம எழுதறதை மெஷினுக்குப் புரியறாப்பல மாத்திக் குடுக்கறதுதான் கம்பைலர். அது நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, சின்னச் சின்ன ஃபங்ஷனா எழுதி, ஒரு வரிசையில அடுக்கி வெச்சுட்டுப் போயிடும். கன்ஸ்ட்ரக்டர்னு சொல்லுவாங்க. மனுஷன் எழுதினது இல்ல. யார் கண்ணுலயும் படாது. ஒரு பேர் இருக்கும், ஆனா வாயால சொல்ற பேர் இல்ல. இருந்தாலும் நம்ம வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அத்தனையும் ஓடி முடிச்சிருக்கணும்.

புரியலையா? லேசாச் சொல்றேன். என் வீட்டையே எடுத்துக்கங்க. நான் ஆறரைக்கு எந்திரிப்பேன். எந்திரிச்சா பால் காஞ்சிருக்கும், டிகாஷன் இறங்கியிருக்கும், வெந்நீர் தயாரா இருக்கும், சட்டை தேச்சுத் தொங்கும், வாசல் தெளிச்சிருக்கும், பேப்பர் மேசை மேல இருக்கும். என் நாள் ஆறரைக்குத்தான் ஆரம்பம். ஆனா ஆரம்பிக்கும்போதே எல்லாம் இருக்கு பாருங்க, அந்த மாதிரி. சாதாரணக் கம்ப்யூட்டர்ல இதைச் செஞ்சு வெக்க உள்ளுக்குள்ளயே ஒரு ஏற்பாடு உண்டு. கெர்னலுக்கு அது கிடையாது. கெர்னலுக்கு முன்னாடி எந்திரிக்க யார் இருக்கா? அதுவேதான் எந்திரிச்சு, அந்த வரிசையில தலையில இருந்து கடைசி வரைக்கும் போய் ஒவ்வொண்ணையா ஓட்டி விடணும்.

இந்த உதாரணத்தை வெச்சு நான் புதுசா சேர்ற பசங்களுக்கு வகுப்பே எடுத்திருக்கேன். டக்குனு புரிஞ்சுக்குவாங்க.

பெனிட்டா வந்து கேட்டா. "சார், நம்ம கெர்னல்ல என் கன்ஸ்ட்ரக்டரை எல்லாம் யார் ஓட்டுவாங்க?"

"யாரும் ஓட்ட மாட்டாங்க. என் கெர்னல்ல நான் சொல்லாம ஒரு வரி ஓடாது"ன்னேன்.

"அப்ப நீங்களே சொல்லிடுங்க சார்"னு சிரிச்சுக்கிட்டே போயிட்டா.

எனக்கு அது பிடிக்கல. ஆனா எழுதினேன். பெரிய வேலை இல்ல, வரிசையோட ஆரம்பம் எங்க, முடிவு எங்க, நடுவுல இருக்கறதை எல்லாம் ஓட்டு. லேப்ல போட்டுப் பாத்தோம். நல்லா ஓடுச்சு.

பல்லடம் தாண்டிட்டமா? கண்டக்டர் சத்தம் காதுலயே விழல.

அப்புறம் வந்தது இடப் பிரச்சனை. பெட்டிக்குள்ள மெமரி ரொம்பச் சின்னது. பெனிட்டாவோட சாமான் எல்லாம் சேந்ததும் கொள்ளல. முதலாளி பெரிய மெமரி வாங்க மாட்டேன்னுட்டார். அப்ப நான் ஒரு காரியம் செஞ்சேன். லிங்க்கர்னு ஒண்ணு இருக்கு, துண்டு துண்டா இருக்கற புரோகிராமை எல்லாம் ஒண்ணாச் சேத்து மூட்டை கட்டறது. அதுக்கு ஒரு உத்தரவு போடலாம். "யாரும் பேர் சொல்லிக் கேக்காதது எது எதுவோ, அதையெல்லாம் வெளிய வீசு." முதல் வரியில இருந்து அது தேட ஆரம்பிக்கும். இவன் யாரைக் கேக்கறான், அவன் யாரைக் கேக்கறான், அப்படியே போகும். யாருமே கேக்காதது குப்பை. மில்லுக்குப் போற கடைசி மூட்டையில மட்டும் அந்த உத்தரவைப் போட்டேன். மூணுல ஒரு பங்கு எடை குறைஞ்சுடுச்சு. முதலாளி முதுகுல தட்டினார். எனக்கும் பெருமைதான். இத்தனை வருஷமா எவ்வளவு வேண்டாததைச் சுமந்திருக்கோம்னு நினைச்சேன்.

ஐப்பசி மழை. உடுமலைப் பக்கம் ஒரு மில்லுல பத்துப் பெட்டி மாட்டினாங்க. அன்னிக்கு மத்தியானமே போன். நூல் அறுந்தும் மெஷின் நிக்கல. பஞ்சு உருளையில சுத்தி, சுத்தி, சுத்தி, புகை. அங்க மெஷின் பாத்துக்கிட்டிருந்த அம்மா ஒருத்தி கையை விட்டு இழுக்கப் போயிருக்காங்க. பக்கத்து மெஷின்காரி முடியைப் பிடிச்சு இழுத்துக் காப்பாத்தியிருக்கா. விரல் தப்பிச்சது. நான் போய்ப் பாத்தேன் அவங்களை. "ஒண்ணும் இல்லீங்க சார், டீ குடிங்க"ன்னாங்க.

பெட்டியைத் திறந்து பாத்தா, எவ்வளவு நேரத்துல நிறுத்தணும்ங்கற இடத்துல பூஜ்யம். பூஜ்யம்னா எப்பவும் நிறுத்தாதேன்னு அர்த்தம் ஆயிடுச்சு. எல்லா இடமும் பூஜ்யம். ஒருத்தரும் வந்து நிரப்பல. ஆனா லேப்ல அதே புரோகிராம் ஒழுங்கா ஓடுது!

முதலாளி கூப்பிட்டார். "தணிகாசலம் சார், தீபாவளி லீவு முடிஞ்சு மில்லு திறக்கறப்ப இது சரியா இருக்கணும்." சார்னு சொல்ற விதம் இருக்கே, அது மாறிப் போச்சு அன்னிக்கு.

இந்தத் தீபாவளிக்கு நான் லேப்லயேதான் இருந்தேன். எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க. வாட்ச்மேன் ஒரு ஆள், நான் ஒரு ஆள். எப்படித் தேடறது? நான் தப்பைத் தேட வெச்சிருந்த கருவி எல்லாம் முதல் வரியில வந்து நிக்கும். அங்கிருந்து ஒவ்வொரு அடியாக் காட்டும். அதுக்கு முன்னாடி என்ன நடக்குதுன்னு பாக்க நான் வசதியே வெச்சுக்கல. இருபது வருஷத்துல தேவைப்பட்டதே இல்ல. கடைசியில ஒரு சின்ன விளக்கை போர்டுல சால்டர் வெச்சேன். பெனிட்டாவோட ஒவ்வொரு சாமான்லயும், அதை நிரப்பும்போது அந்த விளக்கை ஒரு தடவை மினுக்குன்னு ஒரு வரி சேத்து, மில்லுக்கு அனுப்பின மாதிரியே மூட்டை கட்டினேன். கரண்ட் குடுத்தேன். விளக்கு எரியல. இன்னொரு தடவை. எரியல. வெளிய தெரு முழுக்க வெடிச் சத்தம், நான் உள்ள ஒரு மொளகு சைஸ் விளக்கைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.

அப்புறம்தான் மூட்டைக்குள்ள எது எங்க இருக்குன்னு காட்டற வரைபடத்தை எடுத்துப் பாத்தேன். வரிசை ஆரம்பிக்கற விலாசமும் முடியற விலாசமும் ஒண்ணு. நடுவுல ஒருத்தரும் இல்ல. லிங்க்கர் அத்தனையையும் வீசிடுச்சு. ஏன்னா அதுகளை யாரும் பேர் சொல்லிக் கேக்கல. யாரும் எப்பவும் கேக்க மாட்டாங்க, அதுங்க பிறவியே அப்படி. என் கெர்னல் எந்திரிச்சு வரிசையைத் தேடிப் போயிருக்கு, காலி. சரின்னுட்டு அடுத்த வேலையைப் பாக்கப் போயிடுச்சு. ஒரு சத்தம் இல்ல, ஒரு எச்சரிக்கை இல்ல. அதுக்கு எல்லாம் சரியாத்தான் நடந்தது!

மருந்து என்ன தெரியுங்களா? ஒரே ஒரு சொல். லிங்க்கருக்குக் குடுக்கற குறிப்புல, இந்த வரிசையை மட்டும் யார் கேட்டாலும் கேக்காட்டியும் வெச்சிருன்னு ஒரு சொல். சேத்தேன். கரண்ட் குடுத்தேன். விளக்கு மினுக்கு மினுக்குன்னு... கண்ணுல தண்ணி வந்துடுச்சு தம்பி. வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சீரியல் லைட்டா சார்?"னு கேட்டான்.

தாராபுரமா? பத்து நிமிஷம் நிப்பான். நான் இறங்கல, முட்டி. நீங்க போறதுன்னா எனக்கும் ஒரு டீ. சர்க்கரை கம்மி.

ம். சூடா இருக்கு. நீங்க ஏன் ஒரு வாய் குடிச்சுட்டுக் கீழ ஊத்திட்டீங்க? எனக்கு நல்லாத்தான் இருக்கு.

விளக்கு மினுக்கின அன்னிக்கு மத்தியானம் வீட்டுக்குப் போனேன். ஓடினேன்னே சொல்லலாம். யார்கிட்டயாவது சொல்லணும் இல்லையா? கூடத்துல மணை போட்டிருந்தது. கிண்ணத்துல நல்லெண்ணெய். காய்ச்சி வெச்சது, ஆறி, மிளகு அடியில கிடக்குது. புதுச் சட்டை, காலர்ல மஞ்சள் தடவி, மடிச்சு வெச்சது. பின்கட்டுல அண்டா நிறைய வெந்நீர், ஆறிப்போனது. வருஷத்துல அந்த ஒரு நாள்தான் என்னை இருட்டோட எழுப்புவா. நாலு மணிக்கு. நான் முனகிக்கிட்டே வந்து உக்காருவேன், தலையில எண்ணெய் வெப்பா. இந்த வருஷம் வெக்கல. சரி, ஒரு வருஷம்தான. சொல்லிட்டுத்தான போனேன், வர முடியாதுன்னு. சொன்னேன்னுதான் நினைக்கறேன்.

"சுலோ, கண்டுபிடிச்சுட்டேன்!"னேன். சுலோசனா அவ பேரு. கரண்டியோட வந்து நின்னா. நான் நின்ன நிலையிலயே எல்லாத்தையும் சொன்னேன். உங்ககிட்டச் சொன்னேனே, அதே மாதிரி. யாரும் எழுதாத ஃபங்ஷன், வரிசை, வீசினது, பூஜ்யம். அவ பொறுமையாக் கேட்டா. அவளுக்குக் கம்ப்யூட்டர்னா என்னன்னே தெரியாது, ஆனா கேட்டுட்டு ஒரு கேள்வி கேட்டா பாருங்க.

"அப்ப அதுங்க ஓடுச்சா ஓடலையான்னு யாருக்குமே தெரியாதா?"

என்ன கேள்வி! பெனிட்டாவுக்குக் கூடத் தோணல அது. நான் சந்தோஷமாச் சொன்னேன், "கரெக்ட் சுலோ! ஓடற வரைக்கும் யாருக்கும் தெரியாது. ஓடாம நின்னாத்தான் தெரியும்."

அவ என்னையே பாத்தா. ரொம்ப நேரம். அப்புறம், "சாப்பிட வாங்க, ஆறிடும்"னு உள்ள போயிட்டா.

அந்தப் பார்வைதான் எனக்கு விளங்கல. எத்தனையோ தடவை திருப்பித் திருப்பிப் பாத்துட்டேன். நான் கோபமா ஒண்ணும் பேசல. அவளைப் பாராட்டத்தான் செஞ்சேன். அடுத்த வாரம் ஒரு பெட்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டா. "திண்டுக்கல்ல வேலை கிடைச்சிருக்கு, வரேன்"னா. இப்படித் திடுதிப்னு சொன்னா எப்படின்னேன். பூனாவுல இருக்கற மகளுக்குப் போன் போட்டேன், யாமினிக்கு. அவ சொல்றா, "அப்பா, அம்மா உங்ககிட்ட மூணு தடவை சொன்னாங்க. மூணு தடவையும் நீங்க ம்னு சொன்னீங்க. நான் ஒரு தடவை வீடியோவுல பாத்தேன்." இருக்கலாம். மில்லு ஞாபகமா இருந்திருப்பேன். ம்னு சொன்னா கேட்டேன்னு அர்த்தமா? ஒரு தடவை உக்கார வெச்சுச் சொல்லியிருக்கலாம் இல்ல?

ஆபீஸ்ல இன்னொரு கூத்து. நான்தான் கண்டுபிடிச்சேன், நான்தான் சரி பண்ணேன். மில்லு ஓடுது. ஆனா மூட்டை கட்டற பொறுப்பை முதலாளி எடுத்துப் பெனிட்டாகிட்டக் குடுத்துட்டார். "நீங்க ஆலோசனை சொல்லுங்க போதும்"ங்கறார். அவ என்ன பண்ணியிருக்கா தெரியுமா? என் கெர்னல்ல, என் முதல் வரிக்கு முன்னாடி, ஒண்ணு சேத்திருக்கா. அந்த வரிசை காலியா இருந்தா கெர்னல் மேல போகாது. அப்படியே நின்னு சிவப்பு விளக்கைப் போட்டுக் கத்தும். போய்க் கேட்டேன்.

"என் கெர்னலை ஓடாதேன்னு சொல்ல நீ யாரும்மா?"

"நான் சொல்லல சார். அதுங்க இல்லாம எப்படி ஓடும்னு அதுவே ஒரு தடவை யோசிச்சுப் பாக்கட்டும்னு வெச்சேன்"னா.

சொன்னேன்ல, வாய் நீளம்.

வீடு, அதையேன் கேக்கறீங்க. முதல் நாள் காலையில ஆறரைக்கு எந்திரிச்சேன். ஒண்ணுமே இல்ல. சரி, நானே செஞ்சுக்கறேன்னு பால் காய்ச்சினேன். அது பரவால்ல. தயிர்தான். தயிர் எப்பவும் ஃபிரிட்ஜ்ல இருக்கும். ரெண்டு நாள் ஆச்சு தயிர் வரல. பாலை வெளிய வெச்சா தயிராயிடும்னு நினைச்சேன். கெட்டுப் போச்சு. பக்கத்து வீட்டு அம்மாகிட்டக் கேட்டா, "உறை ஊத்தணும்ங்க சார்"னு சிரிக்கறாங்க. ராத்திரியே ஊத்தி வெக்கணுமாம். அப்புறம் குடிக்கற சிறுவாணித் தண்ணி. எங்க தெருவுக்கு வாரத்துக்கு ஒரு தடவை, இருட்டோட விடுவாங்களாம், எனக்குத் தெரியாது. குடம் காலி. அதே பக்கத்து வீட்டு அம்மா வந்து, "அக்காதான் எங்களையும் கதவைத் தட்டி எழுப்புவாங்க, இப்ப எங்களுக்கும் தண்ணி இல்ல"ன்னு அழாத குறையாச் சொல்றாங்க. தெரு முழுக்கக் குடம் காலி. எனக்கு ஆச்சரியமாப் போச்சு. இதை எல்லாம் எழுதி ஒட்டி வெச்சுட்டுப் போயிருக்கலாம் இல்ல அவ? எந்த வேலையையும் ஒப்படைச்சுட்டுத்தான போகணும்?

போன் அடிக்குது. மெசேஜா? இந்தாங்க, படிச்சுச் சொல்லுங்க. யாமினியா இருக்கும்.

"அப்பா, கண்ணாடி எடுத்துக்கிட்டீங்களா?"

ம். அப்புறம் பதில் போட்டுக்கலாம்.

முந்தாநாள் நானே சுலோவுக்குப் போன் பண்ணேன். வா, வீட்டுக்கு வான்னேன். பின்னாடி ஒரே பொண்ணுங்க சத்தம், "வார்டன் அம்மா, வார்டன் அம்மா"ன்னு. ஒரு பொண்ணு, "அம்மா, இட்லி இன்னிக்குப் பஞ்சு மாதிரி இருந்துச்சு"ன்னு கத்துது. இவ அந்தப் பக்கம் திரும்பிச் சிரிக்கறா. எனக்குக் கேட்டது அந்தச் சிரிப்பு. எங்க வீட்டுல நான் அதைக் கேட்ட ஞாபகம் இல்ல, இல்லாட்டி கவனிக்கல.

அப்புறம் சொன்னா. "பேசணும்னா வாங்க. திங்கக்கிழமை எழுதிக் குடுக்கணும், அதனால ஞாயித்துக்கிழமை வாங்க. பகல்ல எனக்கு நேரம் கிடையாது, ராத்திரி உடம்பு அசந்துடும். காலையில நான் வேலையைத் தொடங்கறதுக்கு முன்னாடி வந்துடுங்க. கேட்டுல சொல்லி வெக்கறேன். தொடங்கிட்டேன்னா அப்புறம் கை வேலையை விட்டுட்டு வர முடியாது."

"சரி, எத்தனை மணிக்கு வரணும்?"னேன்.

"அங்க நம்ம வீட்டுல எத்தனை மணிக்குத் தொடங்குவேனோ, இங்கயும் அதே நேரந்தான்."

"அதான், எத்தனை மணிக்கு?"

"இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டுல இருந்தீங்களே"ன்னா. வெச்சுட்டா.

இது என்னங்க நியாயம்? நான் என்ன ஜோசியனா? ஒரு மணியைச் சொல்றதுல என்ன குறைஞ்சு போச்சு? யாமினிகிட்டக் கேட்டேன். "எனக்குத் தெரியும்ப்பா, ஆனா அம்மா சொல்லக் கூடாதுன்னுட்டாங்க"ங்கறா. அவளுக்கு எப்படித் தெரியும்? பரீட்சைக்குப் படிக்கறப்ப சேந்து எந்திரிப்பாளாம். அதுவும் எனக்குத் தெரியாது.

நான் என்ன பேசணும்னு முதல் வரியைத் தயார் பண்ணி வெச்சுட்டேன். ரெண்டு நாளா யோசிச்சேன். "சுலோ, நீ இல்லாம அங்க ஒண்ணுமே ஓடல, வந்துடு." எப்படி? நல்லா இருக்குல்ல? சுருக்கமா, உண்மையா. முதல் வரி சரியா அமைஞ்சுட்டா மத்ததெல்லாம்...

ஏன் தம்பி, நல்லா இல்லையா?

சரி, விடுங்க. ஒட்டன்சத்திரம் தாண்டியாச்சு போல. இவ்வளவு நேரம் நானே பேசிட்டிருக்கேன், நீங்க என்ன பண்றீங்கன்னு கேக்கவே இல்லையே. டீக்கடையா? திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கமா? அடடா, அதான் அந்த டீயைக் கீழ ஊத்தினீங்க! அப்ப உங்களைத்தான் முதல்லயே கேட்டிருக்கணும். இருட்டோட எந்திரிக்கறதைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கடை எத்தனை மணிக்குத் திறப்பீங்க? நாலரை. அதுக்கு நீங்க எந்திரிக்கறது நாலு. சரி. பாலு காய்ச்சணும், வடைக்கு அரைக்கணும், அதெல்லாம் எப்ப? வீட்டுலயே ஆயிடுமா? யாரு, வீட்டுல அம்மாவா, சம்சாரமா? சம்சாரம். அவங்க எத்தனை மணிக்கு எந்திரிப்பாங்க?

தம்பி. அவங்க எத்தனை மணிக்கு எந்திரிப்பாங்க?

உங்களுக்கும் தெரியாதா?

ம்.

இருங்க, யோசிச்சுப் பாக்கறேன். கைவசம் ஒரே ஒரு தடயம்தான் இருக்கு. தீபாவளி அன்னிக்கு நாலு மணிக்கு என்னை எழுப்புவா. எழுப்பும்போது அண்டாத் தண்ணி ஆவி பறக்கும். அந்த அண்டா காய ஒரு மணி நேரம் ஆகும், விறகு ஈரமா இருந்தா கூட ஆகும். எண்ணெய் காய்ச்சியிருப்பா. கோலம் போட்டிருப்பா. அவ குளிச்சிருப்பா. ஆமா, தலைமுடி ஈரமா துண்டு சுத்தியிருக்கும், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அவ தலையில எண்ணெய் யாரு வெச்சது? அவளே வெச்சுக்கிட்டிருப்பா. மஞ்சள் தடவணும், பலகாரத் தட்டு எடுத்து வெக்கணும். ஆனா அது தீபாவளி. மத்த நாள்? தண்ணி வர்ற நாள்? மாவு அரைக்கற நாள்? எனக்கு இட்லி, யாமினிக்கு வேற டப்பா... எல்லாத்தையும் பின்னாலயே கழிச்சுக்கிட்டுப் போனா எங்க போய் நிக்குதுன்னே தெரியலயே தம்பி. போய்க்கிட்டே இருக்கு.

அந்த முதல் வரி வேண்டாம். அதை எடுத்துடறேன்.

அதுவா, அந்த வெளிச்சம்தான் திண்டுக்கல்லா? பையைக் குடுங்க. இல்ல, இருங்க, அதுக்கு முன்னாடி ஒரு உபகாரம். இந்தப் போன்ல அலாரம் வெக்கணும். வெக்கத் தெரியும், கண்ணாடிதான் இல்ல. நான் அலாரம் வெச்சதே கிடையாது, தேவைப்பட்டதில்ல. எத்தனை மணிக்கா? மூணு... மூணுக்கு அவ எந்திரிச்சுத் தொடங்கியிருந்தான்னா? ரெண்டுன்னு போடுங்க. ஆமா, ரெண்டு. சீக்கிரமாப் போனா பரவால்ல, கேட்டுக்கு வெளிய உக்காந்திருக்கேன். எந்த ஜன்னல்ல முதல்ல விளக்கு எரியுதுன்னு பாத்துக்கிட்டே இருக்கேன்.

சத்தத்தை முழுசா வெச்சுடுங்க தம்பி. எழுப்ப ஆள் இல்ல.